அறுபது வயதில் எதற்கு சொராரிட்டி மாநாடு?

கேள்வி இது: "என்னுடன் வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆண்டுதோறும் விடுப்பு எடுத்துக்கொண்டு, இளஞ்சிவப்பும் பச்சையுமாக உடுத்திக்கொண்டு, தன் சொராரிட்டியின் தலைமைப் பயிற்சி மாநாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். சொந்தக் காசில்! கல்லூரியில் சேர்ந்த சங்கத்துக்கு இந்த வயதிலும் இவ்வளவு பிடிப்பா? அங்கே என்னதான் செய்கிறார்கள்? அடுத்த ஆண்டு என் மகளும் இங்கே கல்லூரிக்குப் போகிறாள். அவள் இப்படி ஒன்றில் சேரலாமா?"

நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் அமைப்புகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இந்தச் சங்கங்களோடு பழகிப் பல காலம் ஆகிறது. இவர்களுடைய பொதுக்கூட்டங்களில் விருந்தினராக உட்கார்ந்தும் இருக்கிறேன். இந்தப் பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அது பதிலிலும் தெரியும்.

நீங்கள் சொன்ன நிறங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் தோழி ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவைச் சேர்ந்தவர். சுருக்கமாக ஏ.கே.ஏ. கிரேக்க எழுத்துகளையே பெயராகக் கொண்ட கல்லூரிப் பெண்கள் சங்கங்களைத்தான் இங்கே சொராரிட்டி என்கிறார்கள். கறுப்பினப் பெண்கள் தொடங்கியவற்றில் இதுவே முதலாவது. 1908 ஜனவரி 15 அன்று வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒன்பது மாணவிகள் தொடங்கினார்கள். அதற்கு முன்னின்றவர் எத்தல் ஹெட்ஜ்மன். அடிமை முறை ஒழிந்து நாற்பத்து சொச்சம் ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. கறுப்பினப் பெண் ஒருத்தி கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வம். அப்படி வந்த சிலர் ஒருவரையொருவர் கைவிடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

அந்த உறவு ஆயுள் முழுக்க நீடிப்பதாக மாறியதற்குக் காரணம் 1912-இல் நடந்த ஒரு சண்டை. அன்றைய மாணவ உறுப்பினர்கள் 22 பேர் சங்கத்தின் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்ற விரும்பினார்கள். அதற்குள் பட்டம் வாங்கி வெளியேறியிருந்த நெல்லி குவாண்டர் என்ற முன்னாள் தலைவிக்கு இது தெரியவந்தது. "நான்தான் படித்து முடித்துவிட்டேனே" என்று அவர் ஒதுங்கவில்லை. மாற்றக்கூடாது என்று மாணவிகளிடம் வாதாடினார். அவர்கள் கேட்கவில்லை என்றதும், வேறு சிலரைச் சேர்த்துக்கொண்டு 1913 ஜனவரி 29 அன்று சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தார். அன்று முதல் அது அந்தந்த ஆண்டு மாணவிகளின் கையில் மட்டும் இருக்கிற அமைப்பாக இல்லை. படித்து முடித்தவர்களுக்கும் அதில் நிரந்தரப் பொறுப்பு வந்துவிட்டது.

ஏ.கே.ஏ. தன் நிறுவனர்களாக 20 பேரைக் கணக்கிடுகிறது: முதல் ஒன்பது பேர், அதே ஆண்டு சேர்ந்த ஏழு பேர், அப்புறம் 1913-இல் பதிவுக்கு நின்ற குவாண்டர் முதலான நால்வர். தொடங்கியவர்களுக்குச் சமமாக, கலையாமல் காத்தவர்களையும் நிறுவனர்களாக மதிக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உங்கள் தோழி கழுத்தில் முத்துமாலை இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் முத்து அணிவதும் 20 என்ற எண்ணைக் கொண்டாடுவதும் இந்த 20 பேருக்காகத்தான்.

பிரிந்து போன அந்த 22 பேரும் சோர்ந்துவிடவில்லை. 1913 ஜனவரி 13 அன்று டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கி, மார்ச் 3-ஆம் தேதியே வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் கலந்துகொண்டார்கள். சங்கம் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1920-இல் ஹோவர்டிலேயே ஸீட்டா ஃபை பீட்டா வந்தது. அதன் நிறுவனர்கள் ஐவரில் இருவர் உடன்பிறந்த சகோதரிகள். 1922-இல் இண்டியானாபோலிஸில் ஏழு ஆசிரியைகள் சிக்மா காமா ரோவைத் தொடங்கினார்கள். இந்த நான்கும், ஆண்களுக்கான ஐந்து சங்கங்களும் சேர்ந்ததைத்தான் "டிவைன் நைன்" என்கிறார்கள்.

சரி, அறுபது வயதுக்காரர் எங்கே வருகிறார்? இந்தச் சங்கங்களில் இரண்டு வகைக் கிளைகள் உண்டு. ஒன்று கல்லூரி மாணவிகளுக்கானது, மற்றொன்று ஊர்தோறும் இருக்கும் பட்டதாரிகளுக்கானது. ஏ.கே.ஏ.வில் கிளையின் பெயர் "ஒமேகா" என்று முடிந்தால் அது பட்டதாரிக் கிளை. மாதாமாதம் கூடுவது, உதவித்தொகை கொடுப்பது, வாக்காளர் பதிவு முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று வேலையில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. கல்லூரியில் இருப்பது நான்கு ஆண்டு, இதில் இருப்பது நாற்பது ஐம்பது ஆண்டு. பட்டம் பெற்ற பிறகு நேராகப் பட்டதாரிக் கிளையில் சேர்ந்தவர்களும் உண்டு. அதனால் உங்கள் தோழி கல்லூரி நாளிலேயே சேர்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனி மாநாட்டுக்கு வருவோம். ஏ.கே.ஏ.வில் இலையுதிர் காலத்தில் "கிளஸ்டர்" என்று அக்கம்பக்கத்துக் கிளைகளின் கூட்டம். வசந்தத்தில் மண்டல மாநாடு. இரட்டைப்படை ஆண்டுகளின் கோடையில் "பூலே" என்கிற பெரிய பொதுக்குழு. ஒற்றைப்படை ஆண்டுகளில் தலைமைப் பயிற்சிக்கென்றே ஒரு மாநாடு. ஸீட்டாவில் மாநில அளவிலேயே "லீடர்ஷிப் கான்ஃபரன்ஸ்" என்று நடத்துகிறார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஹோட்டல் முகப்பில் நடக்கும் கட்டிப்பிடிப்பையும், "ஸ்கீ-வீ" என்ற கூவலையும், ஒரே நிறத்தில் உடுத்திய ஆயிரக்கணக்கான பெண்களையும் பார்த்துவிட்டு, இது ஒரு திருவிழா என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே அறை அறையாக நடப்பது பாடம். கூட்டம் நடத்துவது எப்படி, தீர்மானத்தை முன்மொழிவது எப்படி, அதற்குத் திருத்தம் கொடுப்பது எப்படி என்று "பார்லிமென்டரி புரொசீஜர்" வகுப்பு. பொருளாளர்களுக்கு வரவுசெலவும் தணிக்கையும். செயலாளர்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதும் முறை. புது உறுப்பினர் சேர்க்கையில் சட்டத்தை மீறாமலிருக்கப் பயிற்சி. தலைவிக்கு "பேசிலியஸ்", செயலாளருக்கு "கிராமட்டியஸ்" என்று பதவிப் பெயர்கள்தான் கிரேக்கம், பொறுப்பு எல்லாம் நடைமுறைப் பொறுப்பு.

இதெல்லாம் சலிப்பூட்டும் காரியமாகத் தோன்றலாம். ஆனால் கறுப்பினப் பெண்களுக்கு நகராட்சியிலோ வங்கி நிர்வாகத்திலோ கல்வி வாரியத்திலோ ஓர் இருக்கைகூடக் கிடைக்காத காலம் எவ்வளவு நீண்டது என்று நினைத்துப் பாருங்கள். வரவுசெலவுத் திட்டத்தை வாதிட்டு நிறைவேற்றவும், தோற்ற பிறகு அடுத்த தீர்மானத்துக்கு அதே மேசையில் உட்காரவும் அவர்கள் கற்றுக்கொண்ட இடங்களில் முக்கியமானவை தேவாலயமும் இந்தச் சங்கங்களும். உலகம் கொடுக்காத பதவிகளைத் தங்களுக்குள் உருவாக்கி, அதில் பழகி, பிறகு அந்தப் பழக்கத்தோடு வெளியே போனார்கள். டாரதி ஹைட் 1947 முதல் 1956 வரை டெல்டாவின் தேசியத் தலைவி, பின்னர் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர். நாசாவின் கணித மேதைகள் கேத்தரின் ஜான்சன், டாரதி வான், மேரி ஜாக்சன் மூவரும் ஏ.கே.ஏ. உறுப்பினர்கள்.

எனக்கு மிகப் பிடித்தது இது: ஏ.கே.ஏ.வின் உச்ச நிர்வாகத்தில் இரண்டாவது துணைத் தலைவி பதவி மாணவி ஒருவருக்கே உரியது. டெல்டாவிலும் அப்படித்தான். அதாவது இருபது, இருபத்தோரு வயதுப் பெண், தன் பாட்டி வயதுக்காரர்களுக்குச் சமமாக ஒரு பெரிய அமைப்பின் மேல்மட்டத்தில் உட்காருகிறாள். உங்கள் தோழியிடம் மாநாட்டில் இளைஞர்களோடு வேலை உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லூரிக் கிளைக்கு வழிகாட்டியாக இருப்பார். விடுப்பு எடுத்துக்கொண்டு போவதற்கு அதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

மாநாடு நடத்துவதே ஒரு காலத்தில் பெரும்பாடு. 1964-இல் சம உரிமைச் சட்டம் (சிவில் ரைட்ஸ் ஆக்ட்) வரும்வரை பல ஊர்களில் ஹோட்டல்கள் கறுப்பினத்தவருக்கு அறை கொடுக்காது. வெளியூர்ப் பிரதிநிதிகள் உள்ளூர் உறுப்பினர்களின் வீடுகளில் தங்கினார்கள். கூடத்தில் பாய் விரித்தாற்போல வீடு நிறைய ஆட்கள், எல்லோருக்கும் சமையல், ராத்திரி முழுக்கப் பேச்சு. கறுப்பினக் கல்லூரிகளும் தேவாலயங்களும் கூட்ட அரங்குகளாயின. 2024 ஜூலையில் ஏ.கே.ஏ. தன் பூலேவை டல்லஸ் நகரின் மாநாட்டு மையத்தில் நடத்தியபோது கிட்டத்தட்ட 20,000 பேர் வந்தார்கள். அன்றைய துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸே வந்து பேசினார். வயதான உறுப்பினர்கள் ஹோட்டல் முகப்பில் நின்று கண் கலங்குவதைப் பார்த்தால், நுழைய விடாத கதவுகளை நினைத்துத்தான் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

சகோதரித்துவம் என்ற சொல்லை இவர்கள் ஓயாமல் சொல்வார்கள். அதன் எடை தெரிய வேண்டுமானால் மிசிசிப்பிக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1934-இல் ஏ.கே.ஏ.வின் அப்போதைய தலைவி ஐடா ஜாக்சன், மிசிசிப்பியின் லெக்சிங்டனில் கிராமத்து ஆசிரியர்களுக்காகக் கோடைப் பள்ளி தொடங்கினார். போன இடத்தில் பார்த்தது பசியும் நோயும். 1935-இல் அது மருத்துவத் திட்டமானது. டாக்டர் டாரதி ஃபெர்பீ தலைமையில் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியைகள் தங்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்தார்கள். கிளினிக் திறந்து காத்திருந்தால் ஆள் வரவில்லை. பருத்திப் பண்ணை முதலாளிகள் தங்கள் குத்தகைக் கூலிகளை வெளியே அனுப்ப மறுத்துவிட்டார்கள். உடனே இவர்கள் மருந்தையும் கருவிகளையும் கார்களில் ஏற்றிக்கொண்டு பண்ணைகளுக்கே போனார்கள். வெயிலில், புழுதிச் சாலையில், வெள்ளை முதலாளியின் மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்க, மரத்தடியில் குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசியும் டிப்தீரியா தடுப்பூசியும் போட்டார்கள். 1940-களின் தொடக்கம் வரை கோடைதோறும் இது தொடர்ந்தது. வடக்கே வசதியாக வாழ்ந்த டாக்டர்கள், விடுதி கிடைக்காத, பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை கிடைக்காத தென்மாநிலத்துக்குத் தாங்களாக வந்து செய்த வேலை. அந்தப் பெண்களை அங்கே ஒன்றாக நிறுத்தியது எது என்று கேட்டால், அதற்குத்தான் அவர்கள் சகோதரித்துவம் என்று பெயர் சொல்கிறார்கள். எனக்கும் வேறு பெயர் தெரியவில்லை.

இந்த நினைவுகளெல்லாம் மாநாட்டில் வருகின்றன. 25 ஆண்டு முடித்தவர்கள் "சில்வர்", 50 ஆண்டு முடித்தவர்கள் "கோல்டன்", 75 ஆண்டு முடித்தவர்கள் "டைமண்ட்" என்று கௌரவிக்கப்படுகிறார்கள். தொண்ணூறு தாண்டிய பெண்ணைச் சக்கர நாற்காலியில் அழைத்து வரும்போது அரங்கமே எழுந்து நிற்கும். அப்புறம் அந்த ஆண்டு இறந்துபோனவர்களுக்கான அஞ்சலி. ஏ.கே.ஏ.வின் சின்னம் ஐவிக் கொடி, அதனால் இறந்தவரை "சுவருக்கு அப்பால் படர்ந்த ஐவி" என்கிறார்கள். ஓர் உறுப்பினர் இறந்தால் உள்ளூர்க் கிளை அந்தக் குடும்பத்தோடு நின்று, தனிச் சடங்கும் செய்கிறது. ஆயுள் முழுக்க என்று அவர்கள் சொல்வதில் சாவும் சேர்த்திதான்.

சேர்ந்த நாளின் உறவும் தனி. ஒரே சமயத்தில் சேர்க்கப்படும் குழுவை "லைன்" என்பார்கள், அதில் இருந்தவர்கள் "லைன் சிஸ்டர்ஸ்". கமலா ஹாரிஸ் 1986-இல் ஹோவர்டில் சேர்ந்தபோது அவருடைய லைனில் 38 பேர். 2020 ஆகஸ்ட் 19 அன்று துணை ஜனாதிபதி வேட்புமனுவை ஏற்றுப் பேசிய உரையில், குடும்பம் என்றால் யார் என்று அடுக்கிக்கொண்டு போனார். கணவர், தங்கை, பெரியவர்கள், அப்புறம் "சித்திகள்". நம்மில் பலர் அந்த இடத்தில் துள்ளிக் குதித்தோம். அடுத்த சில வரிகளில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா வந்தது, அந்த நேரம் இன்னும் பல வீடுகளில் துள்ளிக் குதித்திருப்பார்கள். சென்னையில் பிறந்த தாயின் மகள், சித்தியையும் சொராரிட்டிச் சகோதரிகளையும் ஒரே மூச்சில் குடும்பம் என்றார். நீங்கள் கேட்ட பிடிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு விளக்கிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் அவருடைய பிரச்சாரத்துக்கு 19.08 டாலர் என்று ஆயிரக்கணக்கானோர் நன்கொடை அனுப்பினார்கள். 1908-ஐ நினைவுபடுத்தும் தொகை அது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்துப் பேசினால் உங்கள் மகளுக்குத் துரோகம். சேர்க்கைச் சடங்கு என்ற பெயரில் துன்புறுத்தல் இவற்றில் நெடுங்காலம் இருந்தது, உயிர்களும் போயிருக்கின்றன. இந்தச் சங்கங்களின் கூட்டமைப்பு 1990-இல் "ப்ளெட்ஜிங்" என்ற பழைய சோதனைக் கால முறையைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் திருட்டுத்தனமாக நடந்ததுண்டு. 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டம், கல்லூரிகள் இத்தகைய சம்பவங்களை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. செலவும் கணிசம். சந்தா, மாநாட்டுப் பதிவு, பயணம், விடுதி, உடை எல்லாம் சேரும்போது, வருமானம் குறைந்த பெண்ணால் எத்தனை மாநாட்டுக்குப் போக முடியும் என்ற கேள்வியை உறுப்பினர்களே எழுப்புகிறார்கள். அழைப்பு வந்தால்தான் சேர முடியும் என்பதால், சேராதவர்களுக்கு மனத்தாங்கலும் இருக்கும். இவையெல்லாம் உண்மை. இவற்றைச் சரிசெய்யும் வேலையும் அந்தப் பயிற்சி அறைகளில்தான் நடக்கிறது.

உங்கள் மகள் விஷயம். கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் இன அடிப்படையில் தடை கிடையாது, மற்ற பின்னணிப் பெண்களும் சேர்கிறார்கள். ஆனால் அந்த வரலாற்றைத் தன் வரலாறாக மதித்து உழைக்கத் தயாராக இருப்பவர்கள் போக வேண்டிய இடம் அது, கமலா படத்தைப் பார்த்த ஆசையில் போகிற இடமில்லை. தெற்காசியப் பெண்கள் தொடங்கியவையும் இருக்கின்றன. 1998-இல் மட்டும் மூன்று வந்தன: டெக்சஸ் ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ. நம் வீட்டுப் பெண்கள் பலர் அவற்றில் இருக்கிறார்கள். எதில் சேர்ந்தாலும் முதல் பருவத்திலேயே வேண்டாம். படிப்பு நிலைக்கட்டும். அந்தக் கிளை மேல் ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், துன்புறுத்தல் நடந்திருந்தால் அதைக் கல்லூரி வெளியிடக் கடமைப்பட்டது. ஆண்டுச் செலவை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். "ரகசியம், அம்மாவிடம் சொல்லாதே" என்று தூக்கத்தையோ சாப்பாட்டையோ பறிக்கும் எதையாவது செய்யச் சொன்னால் உடனே வெளியேறிவிட வேண்டும் என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். இன்னொன்று: படித்து முடித்த உறுப்பினர்கள் கிளைக்கு வந்து போகிறார்களா, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். முப்பது, நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் கண்ணில் படாத சங்கத்தில் ஆயுள் உறவைப் பற்றிய பேச்சை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

உங்கள் தோழியிடம் பேசும்போது சடங்குகளைப் பற்றித் துருவ வேண்டாம், அவை உறுப்பினர்களுக்கு மட்டுமானவை. அந்தக் கூவலையும் சுண்டுவிரல் சைகையையும் வேடிக்கைக்காகக்கூடச் செய்து காட்ட வேண்டாம். ஆசைப்பட்டு அந்த எழுத்துகள் போட்ட சட்டையை நீங்களே அணிந்துவிடவும் வேண்டாம். இந்த ஆண்டு உங்கள் கிளை என்ன வேலை எடுத்திருக்கிறது, எந்தப் பயிற்சிக்குப் போனீர்கள், எந்த ஆண்டு சேர்ந்தீர்கள் என்று கேளுங்கள். பல மாநாடுகளில் ஒரு மாலை பொதுக்கூட்டமாக இருக்கும். நகர மேயர் வரவேற்பார், உதவித்தொகை பெறும் மாணவிகளை மேடையேற்றுவார்கள், வெளியாட்களும் போகலாம். அடுத்த மாநாடு உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் அந்த மாலைக்கு உங்களையும் மகளையும் அழைத்துப்போக முடியுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.